ஒலீட்டா கையெழுத்துப் போட்ட தாள்

ஒலீட்டா பிரானக்குக்கு வாய் நீளம் என்று ஓல்சன் வெல்ஸில் எல்லோரும் சொல்வார்கள். அவள் அதை மறுத்ததில்லை. "வாய் நீளமா இருந்தாத்தான்யா இங்க அடுத்த வீட்டுக்குக் கேக்கும்" என்பாள். மொஹாவிப் பாலைவனத்தில் அடுத்த வீடு என்றால் அரை மைல்.

ஆர்வின் என்ற ஊருக்குப் பக்கத்தில் பருத்தி பறிக்கிறவர்களின் கூடாரம் ஒன்றில் பிறந்தவள். பருத்தி எங்கே வெடித்ததோ அங்கே குடும்பம் போகும். பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்து முடிப்பதற்குள் பறிப்பு முடிந்துவிடும். மூன்றாம் வகுப்பில் ஒரு டீச்சர், "எழுந்து நின்னு படி" என்றாள். ஒலீட்டா எழுந்து நின்றாள். நின்றதோடு சரி. வகுப்பு முழுக்கச் சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் போகவில்லை, அவளை யாரும் தேடி வரவுமில்லை.

பத்தொன்பது வயதில் டூயியைக் கட்டிக்கொண்டாள். 1958-ல் அரசாங்கம் இந்தப் பொட்டல் நிலத்தை ஐந்தைந்து ஏக்கராகப் பிரித்துக் கொடுத்தது. மூன்று வருஷத்துக்குள் ஒரு சிறு வீடு கட்டினால் நிலம் உன் பெயருக்கு வரும். டூயி பகலில் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெட்டினான், ஞாயிற்றுக்கிழமைகளில் பலகை அடித்தான். ஆணி எடுத்துக் கொடுத்தது ஒலீட்டா. நிலப்பத்திரம் வந்த அன்றைக்கு அவன் அதை அவளுக்கு முழுக்கப் படித்துக் காட்டினான். அவள் பெயரையும் போடச் சொன்னார்கள் என்பதற்காக ஒரு வாரம் உட்காரவைத்து அந்தப் பெயரை எழுதப் பழக்கினான். அவளுக்கு எழுத வந்தது அது ஒன்றுதான்.

டூயி இருந்தவரை வந்த காகிதத்தையெல்லாம் அவன் படித்தான். குவாரித் தூசி நெஞ்சில் இறங்கி 1991-ல் செத்தான். சாப்பாட்டுக்கடையில் இருபத்தாறு வருஷம் பரிமாறினாள் ஒலீட்டா. ஆர்டரை ஒருநாளும் தாளில் எழுதியதில்லை. ஒன்பது பேர் மேஜையானாலும் யாருக்கு முட்டை எப்படி, யாருக்கு பிஸ்கட் ரொட்டி மேல் வெள்ளைக் குழம்பு கூட என்று தலையிலேயே வைத்திருப்பாள். "கம்ப்யூட்டர்டா இவ" என்று குவாரிக்காரர்கள் மெச்சிக்கொள்வார்கள். அவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

உண்மை தெரிந்தது ட்வைலா காஸெட் ஒருத்திக்குத்தான். ட்வைலா சுரங்கக் கம்பெனி ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள், ஒலீட்டாவின் நிலத்துக்குப் பின்னால் ஐந்து ஏக்கர் வாங்கிக் குடிவந்தவள். டூயியை அடக்கம் செய்த வாரம் காகிதங்கள் குவிந்தன. ஒலீட்டா அவற்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ட்வைலா பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கித் திருப்பிப் பிடித்து, "மின்சாரக்காரன் அனுதாபம் சொல்லியிருக்கான், கூடவே பில்லும் வெச்சிருக்கான்" என்றாள். ஒலீட்டாவுக்கு அந்த வாரத்தில் வந்த ஒரே சிரிப்பு அது. அன்று தொடங்கிப் பதினெட்டு வருஷம் ட்வைலாதான் படித்தாள். ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்காக ஒலீட்டா அவளுக்குத் தன் தண்ணீர் டிரம்மை மட்டுமல்ல, கேட்டிருந்தால் தன் சிறுநீரகத்தையும் கொடுத்திருப்பாள்.

இரண்டு பேரையும் இன்னும் நெருக்கமாக்கியது வண்டிக்காரர்கள்.

டூயி காலத்தில் நாலைந்து மோட்டார் சைக்கிள்கள் தூரத்தில் வட்டமடிக்கும், அவ்வளவுதான். பிறகு நகரத்திலிருந்து கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். நவம்பரில் நன்றி விழா விடுமுறை, வசந்தத்தில் ஈஸ்டர் வாரம் என்றால் போதும், வீடு மாதிரி நீளமான வண்டிகளை ஓட்டிவந்து உலர்ந்த ஏரிப் படுகையில் நிறுத்துவார்கள். அவற்றின் வயிற்றைத் திறந்தால் மோட்டார் சைக்கிள், நாலு சக்கர மணல் வண்டி எல்லாம் இறங்கும். அவர்களுக்கென்று அரசாங்கம் விட்டிருக்கிற மைதானம் பக்கத்திலேயே கண்ணுக்கெட்டாத தூரத்துக்குக் கிடந்தது. அது போதவில்லை. ஒலீட்டாவின் வேலிக் கம்பியை அறுத்தார்கள். வேலிக்கட்டையைப் பிடுங்கி அடுப்பெரித்துச் சோசேஜ் சுட்டார்கள். ஆமை வளையை மிதித்துச் சரித்தார்கள். அவள் படுக்கை ஜன்னலுக்கு நாற்பது அடியில் போன வண்டிப் புழுதி ரொட்டி மாவில்கூட நெறநெறத்தது.

போலீஸ்காரன் வந்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "எந்த வண்டின்னு தெரியாம நான் யாரப் பிடிக்கறது, மேடம்?"

"தெரிஞ்சா பிடிப்பியா?"

"பிடிப்பேன்."

அதைப் பிடித்துக்கொண்டாள் ஒலீட்டா. மூன்று பழைய லாரி டயரைச் சங்கிலியில் கோத்து, பிக்கப்புக்குப் பின்னால் கட்டி, நிலத்தின் கிழக்கு எல்லை நெடுகிலும் இழுத்தாள். மண் துணி விரித்த மாதிரி வழவழவென்று ஆனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இழுத்தால் சனிக்கிழமை காலையில் யார் வந்தது, எத்தனை பேர், எந்தப் பக்கம் திரும்பியது என்பதெல்லாம் அதில் கிடக்கும். பாதி தேய்ந்த டயர், குறுக்கே வெட்டு விழுந்த டயர், ஒரு பக்கம் மட்டும் அழுத்துகிற வண்டி என்று ஒவ்வொன்றையும் தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கு அபராதமும் விழவைத்தாள். ஒருமுறை அவளே ஏரிப் படுகைக்கு நடந்துபோய், ஒருவனுடைய டயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "இவன்தான்" என்றாள். ட்வைலா பக்கத்தில் துடைப்பக்கட்டையோடு நின்றாள்.

பதினோரு வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை. அந்த எல்லைக்கோடு, மேலேயிருந்து படமெடுக்கிற விமானத்துக்கு, ஓல்சன் வெல்ஸிலேயே நல்ல சாலையாகத் தெரிந்தது. அது அவளுக்குத் தோன்றவேயில்லை. அவளுக்கு அது எல்லை.

போன பிப்ரவரியில் நில ஆபீஸிலிருந்து ஒரு கனத்த உறை வந்தது. எப்போதும் போல அதை எடுத்துக்கொண்டு ட்வைலா வீட்டுக்குப் போனாள்.

"என்னடி இது, இவ்ளோ தடியா அனுப்பியிருக்கான்?"

ட்வைலா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. ஊர்ல இருக்கற மண்பாதையெல்லாம் கணக்கெடுக்கறாங்க. உன் கிழக்குப் பக்கப் பாதைய யார் பராமரிக்கறாங்கன்னு கேக்கறான்."

"யாரு? அவன் ஆத்தாளா வந்து இழுத்தா? நான்தான். எழுது."

"எத்தன வருஷமா?"

"பதினொண்ணு. இடுப்புல ஊசி போட்ட வாரங்கூட நிறுத்தலன்னு எழுது."

"இடுப்புக்கெல்லாம் இதுல எடம் இல்லடி."

"ஏன் இல்ல? இழுத்தது இடுப்புதானே."

ட்வைலா சிரித்துக்கொண்டே எழுதினாள். ஒலீட்டா பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது எழுதுவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். "கீழ என்ன கேட்டிருக்கான்?"

"பேரு, விலாசம்."

ட்வைலாவின் பேனா அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் கிழித்துவிட்டு நகர்ந்தது. பெயரும் விலாசமும் ஒரு கோட்டில் அடங்குமா என்று அன்றைக்கு ஒலீட்டாவுக்கு உறைக்கவில்லை. தாளை வாங்கி, டூயி பழக்கிக்கொடுத்த பெயரை நிதானமாக எழுதினாள். அவள் வேலையைப் பற்றி அரசாங்கம் கேட்டு எழுதியது அதுதான் முதல் தடவை. பெருமையாகக்கூட இருந்தது.

ஜூன் மாதம் அவள் நிலத்து மூலையில் பழுப்பு நிறத்தில் தட்டையாக ஓர் அறிவிப்புக் கம்பம் முளைத்தது. எழுத்து எதுவோ இருந்தது. கீழே படங்கள் இருந்தன: ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு மணல் வண்டி, ஒரு ஜீப். அவற்றின் மேல் குறுக்குக் கோடு போடவில்லை. படம் படிக்க யாரும் தேவையில்லை. ஒலீட்டா அங்கேயிருந்தே பிக்கப்பைத் திருப்பி நகரத்து நில ஆபீஸுக்கு விட்டாள்.

ஜன்னலுக்குப் பின்னால் யெசேனியா என்கிற பெண் இருந்தாள். சின்ன வயது, பொறுமையானவள்.

"எவன் நட்டான் அத?"

"மேடம், அந்தப் பாதை இப்போ பொதுப்பாதைப் பட்டியல்ல இருக்கு. நாங்க கேட்டு எழுதினோம், நீங்க பதில் போட்டிருக்கீங்க." கோப்பிலிருந்து தாளை எடுத்தாள். "வாரா வாரம் நானே பராமரிக்கறேன்னு எழுதியிருக்கீங்க. ‘பொதுமக்கள் வண்டியில் செல்வதற்கு ஆட்சேபம் உண்டா?’ன்னு கேட்டதுக்கு ‘இல்லை’ங்கற எடத்துல கோடு போட்டிருக்கீங்க."

ஒலீட்டாவுக்கு அந்தச் சின்னக் கோடு கண்முன் வந்தது.

"இது உங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்து என்னுதுதான்."

"படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

வரிசையில் அவளுக்குப் பின்னால் ஆர்வில் நின்றுகொண்டிருந்தார். தீயணைப்புக் கொட்டகைக்குத் தலைவர், இருபது வருஷமாக அவள் கையால் வெள்ளைக் குழம்பு சாப்பிட்டவர். காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றார். படிக்கத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தத் தாள் செல்லாது. மூன்றாம் வகுப்புச் சிரிப்பு இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

"படிச்சுட்டுத்தான்" என்றாள்.

"அப்ப நான் என்ன செய்யறது, மேடம்?" என்றாள் யெசேனியா, உண்மையான வருத்தத்தோடு.

ட்வைலா வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் இருந்தன. உள்ளே தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒலீட்டா கதவைத் தட்டவில்லை; அந்தக் கதவை அவள் எப்போதும் தட்டியதில்லை.

"எங்கடி கிளம்பிட்ட?"

"அரிசோனாவுக்கு. அக்கா வீட்டுக்கு." ட்வைலா நிமிரவில்லை. "இன்னைக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"நிலம்?"

"வித்தாச்சு."

"உன் நிலத்துக்கு வழியே கிடையாதேடி. என் மண்ணு மேலதானே நீ போயிட்டு வந்துட்டு இருந்த. யாரு வாங்கினா?"

ட்வைலா ஒரு தட்டை இரண்டு தடவை சுற்றினாள். "வண்டிக் கிளப்பு. கூடாரம் போடற எடமா வெச்சுக்கப் போறாங்களாம்."

ஒலீட்டா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கண்ணு போயிட்டு இருக்கு, ஒலீட்டா. இன்னும் ரெண்டு வருஷம், மூணு வருஷம். வழி இல்லாத நிலத்த எவன் வாங்குவான்? நாலு வருஷமா போர்டு வெச்சிருந்தேனே, ஒருத்தன் எட்டிப் பாத்தானா? நான் இங்கயே தடவித் தடவிச் சாகணுமா?"

"எங்கிட்ட கேட்டிருந்தா உன் நிலத்துக்கு வழி எழுதிக் கொடுத்திருப்பேனே! வாங்கறவன் மட்டும் போய்வர வழி. ஒரு நிமிஷ வேல."

"அவங்களுக்கு எல்லாரும் வர்ற வழி வேணுமாம். இல்லேன்னா வேணாம்னுட்டாங்க."

"அப்ப அதக் கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"நீ முடியாதுன்னிருப்ப."

"ஆமாண்டி! முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்கு எனக்கு வாய் இருக்கு. அந்த வாயத்தான் நீ எடுத்து எழுதிட்ட."

ட்வைலா அடுத்த தட்டை எடுத்துச் செய்தித்தாள் மேல் வைத்தாள்.

"நான் போய் அவங்ககிட்ட சொல்லிட்டா? எனக்குப் படிக்கத் தெரியாது, இவ ஏமாத்தி எழுதினான்னு சொல்லிட்டா என்ன செய்வ?"

ட்வைலா அப்போதுதான் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கிட்டத்தட்டப் பிரியம் மாதிரி ஒன்றுதான் இருந்தது. அதுதான் ஒலீட்டாவைக் குத்தியது. "நீ சொல்ல மாட்ட, ஒலீட்டா. எனக்குத் தெரியும்."

பதினெட்டு வருஷம் காப்பாற்றிய ரகசியத்தை அவள் சும்மா காப்பாற்றவில்லை என்று ஒலீட்டாவுக்குத் தோன்றியது. அப்படி நினைப்பது நியாயமில்லை என்றும் தோன்றியது. எழுந்து வெளியே வந்தாள்.

அந்த வாரக் கடைசியில் அறுபத்து மூன்று வண்டிகள் அவள் ஜன்னலோரம் போயின. போனவர்களில் பாதிப் பேர் சிரித்துக் கையை ஆட்டினார்கள். கொடுமை அதுதான். முன்பெல்லாம் நடுவிரலைக் காட்டிவிட்டுத் தப்பி ஓடுவார்கள், பின்னால் கத்திக்கொண்டு போகலாம். இப்போது விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதை காட்டினார்கள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் தீயணைப்புக் கொட்டகையில் பான்கேக் போடுவார்கள். தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நீள மேஜை போட்டு ஊரே சாப்பிடும். நில ஆபீஸ்காரர்களும் அன்றைக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து ஊர்க்குறை கேட்பது வழக்கம். யெசேனியா வந்திருந்தாள். வண்டிக் கிளப்புத் தலைவன் டேரின் ஹோல்கம்பும் வந்திருந்தான். புது அயல்வீட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்ள ஒரு பெட்டி ஆரஞ்சுப்பழம் கொண்டுவந்திருந்தான். ட்வைலாவுக்கு அது வழியனுப்புச் சாப்பாடு. நடு மேஜையில் அவளை உட்காரவைத்திருந்தார்கள்.

ஒலீட்டா தட்டை எடுக்கவில்லை. நேராக யெசேனியாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன், கண்ணு. அந்தத் தாள நான் படிக்கல. எனக்குப் படிக்கத் தெரியாது."

குவாரிக்காரன் ஒருவன் சிரித்தான். அவள் வழக்கமான நக்கல் என்று நினைத்துவிட்டான்.

"சிரிக்காதடா லாயிட். இருபது வருஷம் உன் முட்டைய நான் ஏன் எழுதிக்கலன்னு நெனச்ச? மூளை ஜாஸ்தின்னா? எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. டூயி படிச்சான். அப்புறம் ட்வைலா படிச்சா. பேரு விலாசம்னு சொல்லிட்டு, ஆட்சேபம் இல்லங்கற எடத்துல கோடு போட்டா. நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்."

ஆர்வில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்வைலா மெதுவாகச் சொன்னாள், பக்கத்து மேஜைக்கும் கேட்கிற குரலில்: "பாவம், அவளுக்கு இப்பல்லாம் மறதி. அன்னைக்கு அவதான் சொன்னா, நான் எழுதினேன்."

ஒலீட்டா திரும்பினாள். "லாயிட், நான் கடைய விட்டு நின்ன கடைசி நாளு நீ என்ன சாப்பிட்ட?"

"எனக்கே ஞாபகம் இல்லையே, ஒலீட்டா."

"முட்டை ரெண்டு, மஞ்சக் கரு உடையாம. உருளைக்கிழங்கு ஹாஷ் கருகலா. பக்கத்துல உன் மச்சான், காப்பி மட்டும், வயிறு சரியில்லன்னான்." ட்வைலாவைப் பார்த்தாள். "எனக்கு மறதின்னு இன்னொரு தடவ சொல்லு, கேக்கறேன்."

ட்வைலா தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

யெசேனியா ஒரு புதுத் தாளை எடுத்தாள். ஒலீட்டா சொல்லச் சொல்ல எழுதினாள். இதைப் பதிவு செய்தால் விசாரணை முடிகிறவரை கம்பத்தை எடுத்துவிடுவார்கள் என்றும், முடிவு எப்படி வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். எழுதி முடித்துச் சத்தமாகப் படித்துக்காட்டினாள். பேனாவை நீட்டினாள்.

ஒலீட்டா பேனாவை வாங்கவில்லை. தாளை வாங்கினாள். ஆர்விலிடம் கொண்டுபோனாள். "நீங்க படிங்க."

"இப்பதானே அந்தப் பொண்ணு படிச்சுது?"

"படிச்சுது. நீங்களும் படிங்க."

ஆர்வில் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். அதே வார்த்தைகள்தான் வந்தன. ஒலீட்டா உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டாள். யெசேனியாவின் முகம் சிவந்திருந்தது. அந்தப் பெண்ணை அவமானப்படுத்த ஒலீட்டா நினைக்கவில்லை. ஆனால் இனி எந்த நல்ல முகத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட அவளால் முடியாது.

கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். தாளை டேரின் ஹோல்கம்பின் முன்னால் வைத்தாள்.

"நீ படி."

அவன் திகைத்தான். "நானா? மேடம், இது எங்களுக்கு எதிரா எழுதினது."

"அதனாலதான். எனக்குச் சாதகமா ஒரு எழுத்துகூட நீ சேத்துப் படிக்க மாட்ட. படி."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். ஒவ்வொரு வரியாகப் படித்தான், வேகமாக இல்லை. "‘என் எல்லையில் விழும் தடங்களைப் பார்ப்பதற்காகவே நான் அந்த மண்ணைச் சமப்படுத்தினேன். அது பாதை அல்ல. பொதுமக்கள் வண்டி போவதற்கு நான் ஒருபோதும் சம்மதித்ததில்லை. சம்மதித்ததாக எழுதியிருப்பது என் வார்த்தை அல்ல.’" அங்கே ஒரு கணம் நிறுத்தினான். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ட்வைலா வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள், ஒரு கையால் மேஜை விளிம்பைத் தடவியபடி. யாரும் கூட எழுந்து போகவில்லை. ஒலீட்டா அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

"நிறுத்தாத" என்றாள் டேரினிடம். "இன்னும் இருக்கு."

"இன்னும் ஒரே வரிதான். ‘இது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது.’"

"ஒரு வார்த்தயும் விடலையே?"

"விடல, மேடம்."

அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு யெசேனியா பக்கம் கையை நீட்டினாள், பேனாவுக்கு.